வந்த வழியைப் பார்த்துப் படுத்த மான்

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
5 அக்டோபர் 2025, ஞாயிறு

அன்புள்ள சாந்தாமணிக்கு,

நஞ்சப்பன் எழுதிக்கொள்வது. முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். எழுத்துகள் ஆட்டுமந்தை மாதிரி ஒன்று மேட்டிலும் ஒன்று பள்ளத்திலும் நிற்கும். கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன். ஆனாலும் கோட்டின் மேல் நிற்க மாட்டோம் என்று அடம் பிடிக்கின்றன. இவ்வளவு எழுதவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. கட்டைவிரல் வலிக்கிறது. எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். தீபக் எழுதவில்லை. மருமகள் ஓவியாவும் எழுதவில்லை. எழுபத்து மூன்று வயதில் உன் வீட்டுக்காரனுக்கு எழுத்து வந்துவிட்டது.

எப்படி என்று கேட்பாய். நீ ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்கு டெக்ஸாஸ் போனாய் அல்லவா, அதற்கு அடுத்த சனிக்கிழமையிலிருந்து பேத்தியைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப் போகும் வேலை எனக்கு வந்தது. தீபக் காரில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். இரண்டு மணி நேரம் நான் நடைபாதையில் நிற்பேன். ஒருநாள் ரூபிகா டீச்சர் வெளியே வந்து, "ஐயா, ஏன் வெளியில நிக்கிறீங்கள், உள்ள வந்து இருங்கோ" என்றார். இலங்கைக்காரர். உள்ளே இருந்ததெல்லாம் ஆறு வயதுப் பிள்ளைகளின் நாற்காலி. முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துவிட்டார். வெண்பா திரும்பிப் பார்த்து, "தாத்தா, யூ ஆர் இன் மை கிளாஸ்?" என்றாள். அவளுக்கு ஒரு வாரம் வெட்கம், அப்புறம் பெருமை.

எல்லோரும் 'அம்மா' எழுதினார்கள். நான் முதலில் எழுதக் கேட்டது 'சாந்தாமணி'. நடுவில் உள்ள எழுத்து மட்டும் மூன்று சனிக்கிழமையைத் தின்றுவிட்டது. இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. போனில் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று கைதட்டுவார்கள். நாம் இருவரும் தனியாகப் பேசி எத்தனை மாதம் ஆகிறது? அந்தப் போனை எப்போதும் யாராவது பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள். கடிதம் என்றால் நீ கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம்.

செப்டம்பரில் வருகிறேன் என்றாய். இப்போது நவம்பர் என்கிறாய். குழந்தையை டேகேரில் சேர்க்கும்வரை சுகந்திக்குத் துணை வேண்டும், சரி. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ பேசும்போது உனக்குப் பின்னால் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை. கையில் ஏதோ புத்தகம். அவர் என்னவோ சொல்ல, நீ திரும்பிச் சிரித்தாய். யார் என்று கேட்டதற்கு சுகந்தி, "பக்கத்து வீட்டு அரியரட்ணம் அங்கிள்ப்பா, டெய்லி வருவாரு" என்றாள். தினமும் வருகிற அளவுக்கு அவருக்கு அங்கே என்ன வேலை? அப்படி என்ன சொன்னார்? நான் சொன்னதற்கு நீ அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது.

இங்கே அவரைக்கொடி பந்தலில் ஏறியது. மான்கள் வந்து மேய்ந்துவிட்டன. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு ராய், தெரியுமல்லவா, அந்தப் பிளம்பர் கிழவர், பொழுதானால் ரப்பர் மான் ஒன்றை நிறுத்தி வைத்து அம்பு விட்டுப் பழகுகிறார். வில்லின் இரண்டு முனையிலும் சக்கரம் இருக்கிறது. மான் வேட்டைக்குச் சீசன் வந்துவிட்டதாம். என் அவரைக்காக அவர் ஒரு மானையாவது அடிக்கட்டும்.

உடனே பதில் எழுது. நானே படிப்பேன்.

இப்படிக்கு,
உன் நஞ்சப்பன்

❖

ஆலன், டெக்ஸாஸ்
14 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சாந்தாமணி எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்து மிகுந்த மகிழ்ச்சி அடைந்தேன். இங்கு நான், சுகந்தி, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் சுகம். அங்கும் அவ்விதமே என நம்புகிறேன். குழந்தை இப்போது குப்புற விழுகிறான். தலையை நிமிர்த்தி உங்களைப் போலவே முறைத்துப் பார்க்கிறான்.

நீங்கள் எழுதப் பழகியது பெரிய காரியம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ரூபிகா டீச்சருக்கு என்ன வயது இருக்கும்? அவர் சொன்னால் மட்டும் உங்கள் கை வளைகிறதாக்கும். சிலேட்டு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

அரியரட்ணம் ஐயா நல்ல மனிதர். இலங்கையில் தம் ஊரில் தபால் அதிபராக இருந்தவர். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. மகன் கபிலாஷுடன் பக்கத்து வீட்டில் இருக்கிறார். முருங்கைக்கீரை கொண்டுவந்து தருவார். புத்தகம் வாசிப்பார். சிரித்தது எதற்கென்று எனக்கு இப்போது நினைவில்லை.

நவம்பரில் வருவது சற்றுப் பிந்தும் போல் இருக்கிறது. கெதியில் அறிவிக்கிறேன். உப்பைக் குறைத்துச் சாப்பிடவும். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

இப்படிக்கு,
சாந்தாமணி

❖

பிளெய்ன்ஸ்பரோ
22 அக்டோபர் 2025, புதன்

சாந்தாமணிக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்து முடித்ததும் வைத்துவிட்டேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது உன் கடிதம் இல்லை.

நான் தற்குறியாக இருந்தவன்தான். ஆனால் உன் எழுத்து எனக்குத் தெரியாதா? ஊறுகாய்ச் சாடியில் நீ ஒட்டும் சீட்டை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தெரியாது, யார் எழுதியது என்று தெரியும். உன் எழுத்து எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, காற்றில் நிற்கும் சோளத்தட்டு மாதிரி இருக்கும். இதுவோ அச்சடித்த மாதிரி நேராக நிற்கிறது. தபால் அதிபர் எழுத்து.

அப்புறம், நீ எந்தக் காலத்தில் 'கெதியில்' என்று சொன்னாய்? நம் பக்கத்தில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? ரூபிகா டீச்சர்தான் சீக்கிரம் எழுதச் சொல்ல "கெதியா எழுதுங்கோ" என்பார். ஆக உன் வாயில் இருந்து வருவதைக்கூட அந்த ஆள் தன் வார்த்தையாக மாற்றிவிட்டார். இதில் 'அரியரட்ணம் ஐயா நல்ல மனிதர்' என்று வேறு இருக்கிறது. தன் கையாலேயே தன்னை நல்ல மனிதர் என்று எழுதிக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும்.

எட்டாவது வரை படித்தவள் நீ. எனக்கு வந்த ஒவ்வொரு காகிதத்தையும் படித்துச் சொன்னவள் நீ. உனக்குக் கடிதம் எழுத ஒரு ஆள் எதற்கு? நான் கதவைச் சாத்திக்கொண்டு படி என்று எழுதினேன். நீ அதை அவரிடம் கொடுத்திருக்கிறாய். 'சாந்தாமணி' என்று எழுத மூன்று சனிக்கிழமை ஆனது என்று எழுதியதை அவர் படித்திருக்கிறார். அதைப் படித்தும் இருவரும் சேர்ந்து சிரித்தீர்களா?

ஒளித்து வைக்க மாட்டேன். தீபாவளி அன்று காலையில் தீபக் போனில் இருந்து சுகந்தியைக் கூப்பிட்டு அவர் நம்பரை வாங்கினேன். வாழ்த்துச் சொல்ல என்று நினைத்துக் கொடுத்தாள். கூப்பிட்டு, "என் சம்சாரத்துக்குக் கடிதம் எழுத நீங்க யாருங்க? இனி அந்த வீட்டுப் படி ஏறாதீங்க" என்று சொன்னேன்.  அவர், "ஐயா, அவவிட்டயே கேளுங்கோ. நான் சொல்லக் கூடாது" என்றார். நான் சொல்லக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? சொல்லக் கூடாத சங்கதி என்ன இருக்கிறது உங்கள் இருவருக்கும்?

உன் கையால் பதில் எழுது. இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

நஞ்சப்பன்

❖

ஆலன்
1 நவம்பர்

மாமா,

இது என் கைதான். எழுதி முடிக்க ரெண்டு நாள் ஆச்சு. வரி வரிமேல ஏறியிருந்தா பொறுத்துக்குங்க. எனக்குத் தெரியலை.

ரெண்டு கண்ணுலயும் புரை. ஜூன் மாசத்துல இருந்து எழுத்தெல்லாம் பால்ல போட்ட மாதிரி இருக்குது. இருபதாம் தேதி ஒரு கண்ணு ஆபரேஷன். அடுத்தது டிசம்பர்ல. சொன்னா உடனே கிளம்பி வான்னு சொல்லுவீங்க, இல்லாட்டி நீங்க கிளம்பி வருவீங்க. அதான் யாரையும் சொல்ல வேண்டாம்னேன். சுகந்திகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன். அவருகிட்டயும்.

உங்க கடுதாசி வந்தன்னைக்கு அதைக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சு, தூர வெச்சு, வெயில்ல காட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்துக் கூட ஆம்படலை. என்ர வீட்டுக்காரர் முதமுதல்ல எழுதுன கடுதாசி. சுகந்திகிட்டக் குடுக்க வெட்கமா இருந்துச்சு. பெத்த பிள்ளை படிக்கிற சங்கதியா அது? வெளி ஆளுன்னா தபால்காரர் மாதிரி. படிப்பாரு, மறந்துருவாரு. அப்படி நினைச்சுத்தான் குடுத்தேன். சாந்தாமணின்னு எழுதுன இடத்துல அவரு சிரிக்கலை. மூக்கைச் சிந்துனாரு.

நமக்குக் கல்யாணம் ஆன வருஷம் நான் ஒரு சிலேட்டு வாங்கிட்டு வந்தேன். அ போடுங்க, நான் கை பிடிக்கிறேன்னேன். ரெண்டாம் நாளு அதைச் சுவத்துல அடிச்சு உடைச்சீங்க. அப்புறம் நாப்பத்தெட்டு வருஷம் நான் கேக்கலை. இப்ப யாரோ ஒரு டீச்சர் உள்ள வாங்கன்னதும் போய் உட்கார்ந்துட்டீங்க. நானும் மனுசிதான். எனக்கும் எரியாதா?

நீங்க போன் பண்ணுன நாள்ல இருந்து அவரு வர்றதில்லை. கீரையை வாசல்ல வெச்சுட்டுப் போயிடறாரு. உங்க ரெண்டாவது கடுதாசியை வேற வழியில்லாமச் சுகந்தியைப் படிக்க வெச்சேன், இனி அவகிட்டக் குடுக்க மாட்டேன். எனக்குப் படிச்சுச் சொல்ல இங்க வேற யாரும் இல்லை. அதனால எழுதாதீங்க. வரவும் வேண்டாம். நவம்பர்ல நான் வரலை. எப்பன்னு கேக்காதீங்க.

சாந்தாமணி

❖

பிளெய்ன்ஸ்பரோ
9 நவம்பர் 2025, ஞாயிறு

மதிப்புக்குரிய அரியரட்ணம் ஐயாவுக்கு,

நஞ்சப்பன் எழுதுகிறேன். தீபாவளி அன்று உங்களைக் கூப்பிட்டுத் திட்டினவன். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும், முன்பே பார்த்திருக்கிறீர்கள். அதைப் பொறுத்துக்கொள்ள இந்தத் தடவை உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மன்னித்துவிடுங்கள். ஒரு வேலையும் கேட்கிறேன். கீரையை வாசலில் வைக்காமல் உள்ளே போய், இந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுதாதே என்று அவள் சொல்லியிருக்கிறாள். இது உங்களுக்கு எழுதியது, அவளுக்கு இல்லை என்று சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை நீங்கள் சத்தமாக வாசித்தால் யார் என்ன சொல்ல முடியும்?

உங்கள் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். அதை மறைத்து எழுதத் தெரியவில்லை. நான் இங்கே ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுதுவதை நீங்கள் ஒரு மூச்சில் வாசித்து, அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்ப்பீர்கள். எழுதுகிற எனக்கு அது கிடைக்காது. இருந்தாலும் வாசியுங்கள். இனி அவளுக்கு.

சாந்தாமணி, உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஏழு தடவை படித்தேன். ஏறிக் கிடந்த வரிகளைப் பிரித்தெடுக்கத் தெரிந்துவிட்டது. என் எழுத்தும் அப்படித்தானே. தீபக்கிடம் நாளைக்கே பிளைட் டிக்கெட் போடு என்றேன்.

"அப்பா, அம்மா வரவேண்டாம்னு எழுதியிருக்காங்க. கொஞ்ச நாள் வெயிட் பண்ணுங்க."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? போடுடா."

போட்டுவிட்டான். திங்கட்கிழமைக்கு.

மறுநாள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு லீவு, காலையில் தீபக்கும் ஓவியாவும் வெண்பாவை நீச்சலுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். ராய் கதவைத் தட்டினார். இலை இலையாகப் பச்சை உடுப்பு, தொப்பி கையில். எங்களுக்கு ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. அவர் தன் போனில் பேசினால் அது தமிழில் பேசும், புதிதாகக் கல்யாணம் ஆன மருமகள் மாதிரி மரியாதையாக. "நான் ஒரு மானை அம்பால் அடித்தேன். அது உங்கள் மரங்களுக்குள் சென்றது. நான் உள்ளே வரலாமா?" என்றது. அடித்தது அவர் மான், ஆனால் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கக் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டுமாம் இந்த ஊரில். உண்மையைச் சொல்கிறேன் ஐயா, கேட்டுவிட்டு வருகிற ஆளைப் பார்த்ததும் எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. நீங்கள் யாரைக் கேட்டீர்கள் என்று. இதையும் சத்தமாகவே வாசியுங்கள்.

அவரோடு போனேன். அம்பு வேலியோரம் மண்ணில் குத்தி நின்றது. மான் உடம்பில் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்திருக்கிறது. ராய் அதைப் பிடுங்கி மோந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. ரத்தம் குறைவு, பச்சையாகப் பசை மாதிரி ஒட்டியிருந்தது. எனக்கும் விளங்கிவிட்டது. நெஞ்சில் படவில்லை, வயிற்றில் பட்டிருக்கிறது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கடிகாரத்தைக் காட்டி மூன்று விரல் நீட்டினார். போன் சொன்னது: "மூன்று மணி வரை யாரும் போகக் கூடாது. இப்போது துரத்தினால் அது வெகுதூரம் ஓடும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும்." மான் புகுந்த இடத்தில் ஒரு கிளையில் வெள்ளைக் காகித நாடாவைக் கட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

இது எனக்குத் தெரியாத சங்கதியா? நாய் கடித்த ஆட்டை உடனே தேடிப் போகக் கூடாது, போனால் அது பயந்து இன்னும் ஓடும் என்று மற்ற ஆட்டுக்காரர்களுக்குச் சொன்னவனே நான்தான். நீயே கேட்டிருக்கிறாய்.

ஆனால் சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது. உட்கார்ந்தால் அது குத்தியது. நின்றாலும் குத்தியது. காப்பி போட்டேன், குடிக்கவில்லை. நீ அங்கே கண் தெரியாமல் இருக்கிறாய், நான் இங்கே கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எதையாவது தேடிக்கொண்டு போனால் போதும் போல் இருந்தது. மணி பத்து. சும்மா ஓரமாகப் பார்த்துவிட்டு வருவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

எண்பது அடி கூடப் போகவில்லை. சாய்ந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தது. இரண்டு கிளைக் கொம்பு. என் அவரையைத் தின்ற மானாகவும் இருக்கலாம். அது நான் வந்த பக்கம் பார்த்தே படுத்திருந்தது. கண்ணுக்குக் கண் பார்த்தோம். அப்போதாவது நான் திரும்பியிருக்கலாம். இன்னும் ஓர் அடி வைத்தேன். எழுந்துவிட்டது. அந்த வயிற்றோடு எப்படி எழுந்ததோ தெரியாது. ஒரே தாவில் மரங்களுக்குள் போய்விட்டது. அதன்பிறகு தரையில் ஒரு சொட்டு ரத்தம் கூட என் கண்ணில் படவில்லை.

மூன்று மணிக்கு ராய் வந்தார். எப்படிச் சொல்வது? கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அது படுத்திருந்த இடத்தைக் காட்டினேன். இலை அமுங்கி ஒரு தொட்டில் அளவுக்கு இருந்தது. என் நெஞ்சில் என் விரலை வைத்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகித நாடாவை என் கையில் கொடுத்துவிட்டு, முன்னே போ என்று காட்டினார்.

முட்டி போட்டுத்தான் போனேன். மேலே காய்ந்த இலை, புரண்டால் அடிப்பக்கம் கறுப்பாக ஈரமாக இருக்கும். அப்படிப் புரண்ட இலை எங்கே என்று பார்த்துப் பார்த்துப் போனேன். ஓடின இடத்தில் குளம்பு விரிந்து பதிந்திருந்தது. நடந்த இடத்தில் சேர்ந்திருந்தது. ஒரு இடத்தில் புல் நுனியில் ஒரே ஒரு சொட்டு, உளுந்து அளவு. ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு நாடா கட்டினேன். ராய் இடப்பக்கம் மேட்டைக் காட்டினார். நான் சட்டையைப் பிடித்து வலப்பக்கம் பள்ளத்துக்கு இழுத்தேன். வயிற்றில் அடிபட்டதுக்குத் தண்ணீர்த் தாகம் எடுக்கும். ஓடைக்குத்தான் போகும். போயிருந்தது. நடு ஓடையில் ஒரு கல் மட்டும் மேலே நனைந்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவே பதினேழு வெள்ளை நாடா வரிசையாகத் தெரிந்தது. பதினைந்து நாடா என்னால் வந்தது. நான் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இரண்டே போதும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் முள்செடிக்கு அடியில் கிடந்தது. உயிர் இல்லை. தொட்டால் இன்னும் சூடு இருந்தது. ராய் தொப்பியைக் கழற்றினார். நானும் குரங்குக் குல்லாயைக் கழற்றினேன். அது வந்த வழியைப் பார்த்துத் தலையை வைத்துப் படுத்திருந்தது, முதல் இடத்தில் படுத்திருந்த மாதிரியே. ராய் போனை நீட்டினார். "அவை எப்போதும் இப்படித்தான் படுக்கும். பின்னால் யார் வருகிறார் என்று பார்ப்பதற்காக" என்றது. நான்தான் வந்தேன். அது கடைசி வரைக்கும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

உன்னை மானோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று சண்டைக்கு வராதே. உனக்குக் கண்ணில் புரைதான். ஆபரேஷன் முடிந்து நூறு வயது இருந்து என்னைத் திட்டுவாய். ஆனால் தீபாவளி அன்று நான் செய்ததும் இதுதான். வலியோடு ஒரு இடம் பார்த்து ஒதுங்கி இருந்தாய். பொறுக்க மாட்டாமல் உள்ளே காலை வைத்தேன். நீ எழுந்து இன்னும் தூரம் போய்விட்டாய்.

நேற்று ராத்திரி தீபக்கிடம் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லிவிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஆர் யூ ஓகே, அப்பா?" என்றான். ராய் கொடுத்த தொடைக்கறியை ஓவியா மிளகு போட்டு வறுத்தாள். எனக்கு இறங்கவில்லை. நீ எப்போது வருகிறாய் என்று இனிக் கேட்க மாட்டேன்.

அரியரட்ணம் ஐயா, அடுத்து வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க முடிந்தால் நல்லது. முடியாது என்று தெரியும். முடிந்த அளவு மெதுவாகவாவது வாசியுங்கள்.

சிலேட்டு ஞாபகம் இருக்கிறது, சாந்தாமணி. அன்றைக்கு உன் அண்ணன் கோபாலசாமி வாசலில் நின்று, "மாப்பிள்ளைக்கு இப்பத்தான் அரிச்சுவடியா" என்று சிரித்தான். உடைத்ததற்கு அதைக் காரணமாக நானே வைத்துக்கொண்டேன். அது காரணம் இல்லை. நீ காகிதத்தைக் கையில் எடுத்தால் உன் முகம் வேறு எங்கோ போய்விடும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அங்கே வர முடியாது. உன் மேலேயே எனக்குப் பொறாமை. உன்னிடமே கற்றுக்கொண்டால் அதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ரூபிகா டீச்சரிடம் எனக்கு ஒத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அதனால் போய் உட்கார்ந்தேன். அவருக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், என்னை ஐயா என்கிறார். போதுமா? என் கையைப் பிடித்து அவர் எழுத வைத்ததே இல்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. 'ழ' எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. கண் தெளிந்ததும் நீ பிடித்துச் சொல்லித் தரலாம். உனக்கு இஷ்டம் இருந்தால்.

ஐயா, அவளுக்கு இவ்வளவுதான். இனிக் கண்ணைத் திறந்துகொள்ளலாம்.

தினமும் போய் அவளுக்குப் புத்தகம் வாசியுங்கள். சிரிக்க வையுங்கள். ஆபரேஷன் அன்று சுகந்திக்கு லீவு இல்லாவிட்டால் நீங்கள் கூடப் போங்கள். இதை எழுதும்போது நான் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் போங்கள். அவள் உப்பு அதிகம் போடுவாள். கவனம்.

இத்தோடு ஒரு பெரிய தாளை எட்டாக மடித்து, டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அதை நீங்கள் பிரிக்க வேண்டாம். வெண்பாவின் தடிமனான கறுப்பு மார்க்கரில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரத்துக்கு, ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறேன். பால் மாதிரி மங்கிய கண்ணுக்கும் தெரியும். அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் கொஞ்ச நேரம் முருங்கை மரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். என்ன வார்த்தை என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

மார்க்கர் தீர்ந்துவிட்டது. ஓவியா வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறாள். அடுத்த வாரம் இரண்டாவது வார்த்தையை எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நஞ்சப்பன்